தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

அம்மணிக்குப் பிள்ளை இல்லை என்று அந்தக் குப்பத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும், ஏதோ கிண்டல் பேச்சு என்று நினைப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், கதை எங்கேயும் ஓடிவிடாது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர்கள் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற மணல்திட்டில், முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது அந்தக் குப்பம். கொஞ்சம் கூரைகள், ஒரு அம்மன் கோயில், சுற்றிலும் தாழம்புதர். அவ்வளவுதான் ஊர். கோட்டை எதிர்க்கரையில் தெரியும். குப்பத்து ஆட்களுக்கு அங்கே இரண்டே வேலை. ஒன்று மீன் விற்பது. இன்னொன்று, கப்பல் வந்தால் சலங்கு தள்ளுவது. கப்பல் கரைக்கு வராது, அலைக்கு அப்பால் ஆழத்தில் நின்றுவிடும். ஆளானாலும் சரக்கானாலும், கயிற்றால் தைத்த சலங்குப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அம்மணியின் புருஷன் ரங்கன். அதிர்ந்து பேசாத மனுஷன், வலையை விரித்தால் பாதி நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவர்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ ஆடி வந்து போயிற்று, தொட்டில் கட்டும் வழி மட்டும் பிறக்கவில்லை. பக்கத்து வீடு முனியம்மாவுக்கோ நேர்மாறு. பிறந்தது, போயிற்று. மறுபடி பிறந்தது, அதுவும் போயிற்று. மூன்று பிள்ளைகளைத் தாழம்புதருக்குப் பின்னால் மணலில் வைத்துவிட்டு வந்தாள். அந்தி சாய்ந்தால் புதருக்குள் சின்னப் பிள்ளைகள் சிணுங்குகிற சத்தம் கேட்கிறது என்று ஊரில் பேச்சு. அந்தப் பக்கம் ஒருத்தரும் விறகு பொறுக்கப் போவதில்லை. முனியம்மா மட்டும் போவாள். போய் நின்றுவிட்டு வருவாள்.

நான்காவது பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சி தொப்புள் அறுத்த கையோடு சொன்னாள். "இத உன் புள்ளன்னு சொல்லாதே. சொன்னா அவன் வந்துருவான். குப்பைல போடு, யாருக்காவது வித்துடு." அவன் என்றால் எமன். எமனுக்கு முனியம்மாவின் வாசல் பழகிப்போய்விட்டது. பழகாத வாசல் எது? தொட்டிலே கட்டாத வீடு, அம்மணியின் வீடு. எமனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை? வயிற்றெரிச்சலான கணக்குதான், ஆனால் கணக்குச் சரியாகவே இருந்தது.

பிய்ந்துபோன முறத்தில் குழந்தையைப் போட்டு, கொல்லைக் குப்பைமேட்டில் வைத்தார்கள். அம்மணி எதேச்சையாக அந்த வழியே போகிறவள் மாதிரி வந்தாள். கையில் ஒரு முறம் தவிடு. கருவாட்டைத் தலையில் சுமந்து திருப்பாலைவனம் போய், அங்கே நெல் குத்துகிற வீட்டில் மாற்றிக்கொண்டு வந்த தவிடு.

"யாரு வூட்டுக் குப்பைடி இது, வழில கொட்டி வெச்சிகீறீங்க?" என்று அம்மணி சத்தமாகக் கேட்டாள், எமன் காதில் விழ வேண்டுமே.

"யாருதோ. எனக்கு வாணாம். நீ எடுத்துக்கினு போ" என்றாள் முனியம்மா, வாசற்படியில் சாய்ந்துகொண்டு.

"சும்மா வாணாம். தவுடு தரேன், புடி."

முனியம்மாவின் மடியில் தவிடு விழுந்தது. அம்மணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். குப்பன் என்று பெயர் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து முனியம்மா பின்வாசல் வழியாக வந்து, கூலிக்குப் பால் கொடுக்கிறவள் என்று சொல்லிக்கொண்டு தன் பிள்ளைக்கே பால் கொடுத்தாள். ஊரே சேர்ந்து எமனுக்குக் காது குத்தியது. எமனும் ஏமாந்தான், பிள்ளை பிழைத்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. பையன் வலையில் முதல் கை வைக்கிற வயசு வந்ததும், அம்மன் கோயில் வாசலில் ஒரு முறம் நெல் கொடுத்துப் பெற்றவள் அவனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் அவன் அம்மணியை அம்மா என்றுதான் கூப்பிடவேண்டும். பெற்றவள் அவனுக்கு அக்கா. மறந்து ஒரு தரம் மாற்றிக் கூப்பிட்டாலும் போச்சு, எமன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

குப்பனுக்கு மூன்று வயசு இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் முனியம்மாதான். ஜுர மயக்கத்தில் பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றான். முனியம்மா அவன் வாயில் அறைந்தாள். காய்ச்சல்கார வாயில், பளாரென்று. "அக்கா! அக்கான்னு சொல்றா!" என்று கத்தினாள். பையன் விக்கி விக்கி, "அக்கா, அக்கா" என்றான். அப்புறம் அவள் தாழம்புதர்ப் பக்கம் போய் எவ்வளவு நேரம் அழுதாள் என்பது அம்மணிக்குத்தான் தெரியும். தேடிக்கொண்டு போனவள் அவள்தான்.

சகாதேவன், அதாவது முனியம்மாவின் புருஷன், இதற்கு முன்னாலேயே கடலோடு போய்விட்டான். ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஒரே பிள்ளை, குப்பன். ஊர்ப் பெண்கள் அவனை வழிமறித்து, "டேய் தவுட்டுக்கு வாங்கினது, எங்கடா போற?" என்று கேலி செய்வார்கள். அவனும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ எதுக்கு வாங்கினது, உமிக்கா?" என்று திருப்பிக் கொடுப்பான். வாய் அப்படி. ரங்கனை நைனா என்று கூப்பிட்டுக்கொண்டு அவன் தோளில் ஏறி ஏரியைச் சுற்றுவான். ஊமை மாதிரி இருந்த ரங்கன் அவனிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசினான்.

விகாரி வருஷம் போய்ச் சார்வரி வந்தது. மழை ஏமாற்றிவிட்டது. முகத்துவாரத்தில் மணல் ஏறி மூடிக்கொண்டது. கடல்தண்ணீர் உள்ளே வர வழியில்லை, ஏரி நாளுக்கு நாள் வற்றி உப்புப் பூத்தது. மடவை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. உள்ளூர்க் கழனிகளில் நெல் என்று ஒன்று இல்லை. திருப்பாலைவனம் பக்கத்துக் குடியானவர்கள் ஏரிக்கரைக்கு வந்து, தின்ன நண்டு இருக்கிறதா என்று மணலைக் கிளறினார்கள். அவர்களோடு அவர்கள் பிள்ளைகளும் வந்தார்கள். திரும்பிப் போகும்போது சில பேர் பிள்ளைகள் இல்லாமல் போனார்கள்.

கோட்டைத் துறையில் ஒரு தரகன் கஞ்சித் தொட்டி வைத்திருந்தான். புண்ணியத்துக்கு இல்லை. கஞ்சி குடிக்க வருகிற பிள்ளைகளைக் கொட்டகையில் அடைத்து வைத்தான். கப்பல் வரும், ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகும் என்று கேட்டால் கிழக்கே கையைக் காட்டுவார்கள். கிழக்கே கடல்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே முனியம்மா வந்தாள். குப்பனுக்கு வலையில் கை வைக்கிற வயசு வந்துவிட்டது.

"அம்மணி, இந்த ஆடில புள்ளய மீட்டுக்கறேன்டி."

"நெல்லுக்கு எங்க போவ?"

"தவுட்டுக்குத்தான வாங்கின? தவுட்டையே எப்டியாவது கொண்ணாந்து குடுக்கறேன். வாங்கிக்கினு என் புள்ளய என்கிட்ட குடுத்துடு. காலம் நல்லால்ல. மனசு அடிச்சுக்குது."

அம்மணி மீன்கூடையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள், "தவுட்டுக்குத் தவுடா? அம்மன் ஒத்துக்குமா? ஒரு வருசம் பொறு. நெல்லு வெளையட்டும், மொறையா செஞ்சிடலாம்."

அம்மன் ஒத்துக்கொள்வாளா மாட்டாளா என்று அம்மணிக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது வேறு. காலையில் கண் விழித்ததும், "அம்மா, பசிக்குது" என்று ஒரு குரல் கேட்கிறதே, அது இன்னும் ஒரு வருஷம் கேட்கட்டும் என்றுதான் அவள் மனசு சொன்னது. வாய் அம்மன் பெயரைச் சொன்னது. அவளைக் கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் கல்யாணம் ஆன நாள் முதல் மலடி, மலடி என்று கேட்டுக்கேட்டுப் புழுங்கிய காதுக்கு அந்த ஒரு கூப்பாடு என்ன என்பது, கேட்டவளுக்கல்லவா தெரியும்! முனியம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆடி போயிற்று. ஆவணியில் ஒரு நாள் குப்பன் மற்ற பிள்ளைகளோடு வற்றிய ஏரியில் நடந்தே எதிர்க்கரைக்குப் போனான். போகாதே என்று எத்தனை தரம் சொல்லியிருந்தார்கள்! ஆனால் பசித்த பிள்ளைக்குக் கஞ்சி வாசனை தெரியும், தரகன் வாசனையா தெரியும்? கூடப் போனதுகள் ஓடி வந்துவிட்டன. குப்பன் வரவில்லை.

முதலில் ஓடியவள் முனியம்மா. சேற்றில் விழுந்து எழுந்து, புடவையெல்லாம் உப்பும் சகதியுமாகக் கோட்டை வாசலுக்குப் போய் நின்றாள். வாசலுக்கு வெளியே கொட்டகை. உள்ளே சின்னத் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. எமன் எங்கே நின்று கேட்டால் என்ன என்று அவள் கூச்சல் போட்டாள். "எம் புள்ள! நான் பெத்த புள்ள! வுட்டுடுங்க!"

துரைமார் ஒரு சட்டம் வைத்திருந்தார்களாம். குடியிருக்கிற சனங்களின் பிள்ளையைப் பெற்றவள் வந்து கேட்டால் விட்டுவிட வேண்டும். கேட்க நல்ல சட்டம். அங்கே இருந்த துபாஷி, துரைக்கும் நமக்கும் நடுவில் பேசுகிறவன், வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பையனைக் கூட்டிவரச் சொன்னான்.

"டேய், இது யாருடா?"

குப்பன் முனியம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். "அம்மான்னு சொல்லுடா, ராசா! அம்மான்னு சொல்லு!"

பையன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த வார்த்தையைச் சொன்னதற்கு வாங்கிய அறை அவனுக்கு மறக்கவில்லை. இது ஏதோ சோதனை என்று நினைத்திருப்பான். "அது அக்கா" என்றான். "எங்கம்மா பேரு அம்மணி. குப்பத்துல கீது."

துபாஷி சிரித்தான். "போய் அந்த அம்மணிய இட்டுக்கினு வா, பாக்கலாம்."

முனியம்மா திரும்பி ஓடி வந்தபோது அம்மணி பாதி ஏரி வந்துவிட்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். முனியம்மா மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "நீதான் பெத்தேன்னு சொல்லிடு. ஒரு வார்த்த. பெத்தேன்னு சொல்லிடு, போதும்."

"சரி."

"வேற எதுவும் பேசாதே."

"பேசல. சொல்லிடறேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் அம்மணி போனாள். கொட்டகையில் துரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். குப்பன் அவளைக் கண்டதும், "அம்மா!" என்று ஓடி வந்தான். ஒரு ஆள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். அப்போது துபாஷி ஒரு தட்டில் சூடம் கொளுத்தி அவள் முன்னால் நீட்டச் சொன்னான்.

"உங்க குப்பத்து அம்மன் மேல ஆணை வை. இவன் நீ பெத்த புள்ளயா?"

சூடம் இல்லாமல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கொழுந்துவிட்டு எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்ததும் அவள் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. பெற்றேன் என்று சொன்னால் பொய்ச்சத்தியம். பொய்ச்சத்தியம் செய்தால் அம்மன் ஒரு உயிரை எடுப்பாள், அதுவும் யாரைக் குறித்துச் சத்தியமோ அந்த உயிரை. முனியம்மாதான் பெற்றாள் என்று சொன்னால், நெல் கொடுத்து மீட்காத பிள்ளை, எமன் காதில் விழுந்துவிடும். அம்மன் ஒரு பக்கம், எமன் ஒரு பக்கம். இரண்டு பேர் கையிலும் சிக்காத ஒரு வார்த்தை வேண்டும். பொய்யாகவும் இருக்கக் கூடாது, காட்டிக்கொடுக்கவும் கூடாது. அப்படி ஒரு வார்த்தை அவளிடம் இருந்தது. நாள்தோறும் ஊரெல்லாம் சொல்கிற வார்த்தை, அவளுக்கு வாய்க்குப் பழகிய வார்த்தை.

"தவுட்டுக்கு வாங்கின புள்ள சாமி" என்றாள் அம்மணி. "நான்தான் வாங்கினேன்."

முனியம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை.

துபாஷி வெற்றிலையைத் துப்பிவிட்டு, துரையிடம் அவன் பாஷையில் என்னவோ சொன்னான். சின்னப் பேச்சுதான். துரை தலையை ஆட்டினான், வேர்வையைத் துடைத்தான், எழுந்து போய்விட்டான். தவிட்டுக்கு வாங்குவது என்றால் என்ன என்று அந்தத் துபாஷிக்குத் தெரியாதா? அவனும் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தானே, அவன் வாயில் மண் விழ! தெரிந்திருக்கும். துரைக்குத்தான் தெரியாது.

"பெத்தவ கேட்டாத்தான் சட்டம்" என்றான் துபாஷி. "இவ பெக்கலன்னு இவளே சொல்லிட்டா. அவ பெத்திருந்தாலும் வித்துட்டா. விலைபோன அடிமைக்குச் சட்டம் இல்ல."

"ஐயோ சாமி, அது மொறைக்குச் செய்யறது! சும்மா செய்யறது சாமி! அவ யாருக்கும் விக்கல!" என்று அம்மணி அவன் காலில் விழுந்தாள்.

"சத்தியத்துல சும்மா இன்னா சும்மா? நீ தவுட்டுக்கு வாங்கின, தரகரு கஞ்சிக்கு வாங்கினாரு. உனக்கு நஷ்டம் வாணாம்." குதிரை லாயத்துப் பக்கம் பார்த்து ஆளை ஏவினான். ஒருத்தன் போய் ஒரு கூடையில் தவிடு அள்ளி வந்து, விழுந்து கிடந்தவளின் மடியில் கொட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வருகிற வழியில், நடு ஏரியில் வரும்போதுதான் மடி கனக்கிறது என்று அம்மணிக்கே தெரிந்தது. உதறினாள். பஞ்ச காலத்தில் தவிடும் சோறுதான், எதிரே அழைத்துப்போக வந்த ரங்கனுக்கு மூன்று நாளாக வயிறு காலி. அவன் அதைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கப்பல் வந்ததும் குப்பத்து ஆண்கள் சலங்கு தள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கோட்டை ஆட்கள் அடித்தார்கள், வலையைப் பிடுங்கினார்கள், அப்படியும் ஒருத்தனும் துடுப்பைத் தொடவில்லை. அந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம். வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். முகத்துவாரம் மூடிக் கிடந்ததால் பிள்ளைகளை மணல்மேட்டில் நடத்தித்தான் கடல்பக்கம் கொண்டுபோனார்கள், விடிந்த கொஞ்ச நேரத்தில். ஊர் முழுக்க வந்து நின்றது. நடுவில் ஈட்டிக்காரர்கள்.

குப்பன் அழவில்லை. அவனைத் தூக்கிச் சலங்கில் போட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தான். முனியம்மாவும் அம்மணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். "அம்மா!" என்று கத்தினான். அலைச் சத்தத்தை மீறிக்கொண்டு கேட்டது. "அம்மா! அம்மா!"

அவன் கண் யாரைப் பார்த்தது என்று அம்மணிக்குத் தெரியும். அவளைத்தான் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் முனியம்மா தண்ணீரில் இறங்கிவிட்டாள். "இங்கதான்டா கீறேன்! அம்மா இங்கதான்டா கீறேன்!" என்று மாரில் அடித்துக்கொண்டு கூவினாள். அவன் பிறந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த பதில் அது. அம்மணி தன் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கடித்தாள். பிள்ளையைத்தான் தொலைத்தாயிற்று, கூப்பாட்டையாவது பெற்றவளுக்கு விட்டுவிடுவோம் என்று நின்றாள். சலங்கு அலையைத் தாண்டும்வரை பல்லைத் தளர்த்தவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. அந்த மழை நாலு மாசம் முன்னால் கொட்டியிருந்தால் என்ன! ஏரி நிரம்பி, முகத்துவாரத்து மணலைத் தானே உடைத்துக்கொண்டு கடலில் போய் விழுந்தது. ஊர் பிழைத்தது. முகத்துவாரம் திறந்த அன்று அந்தியில்தான் அந்தக் குரலும் முதல் தரம் கேட்டது. கடல் ஏறி உள்ளே வருகிற நேரம், தண்ணீர் இருட்டத் தொடங்குகிற நேரம். "அம்மா" என்று ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

முதலில் வலை அலசிக்கொண்டிருந்த ஆண்கள்தான் கேட்டார்கள். ஓதம் ஏறும்போது மணல் பொந்தில் தண்ணீர் புகுந்து அப்படிச் சத்தம் வரும் என்று ஒருத்தன் சொன்னான். சொன்னவன் மறுநாளிலிருந்து அந்திக்கு முன்னாலேயே கரையேறினான். கப்பல் போகிற வழியில் பையன் செத்துப்போய், வந்த வழியைத் தேடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் தன் பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குப்பத்தில் அதன்பின் பிள்ளைகளைத் தவிட்டுக்கு வாங்குவதும் நின்றது. பிழைக்காத வீட்டுப் பிள்ளையைக் குப்பையில் வைப்பார்கள், இன்னொருத்தி எடுப்பாள், ஆனால் வாங்கினேன் என்று சொல்லமாட்டாள். "தூக்கிக்கினு வந்தேன்" என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளை சம்பந்தமாக வாயில் வைக்க ஒருத்திக்கும் தைரியம் இல்லை.

முனியம்மா அந்திதோறும் கரைக்குப் போனாள். குரல் கேட்டதும் கையைக் குவித்து, "இங்கதான்டா கீறேன்" என்று பதில் சொல்வாள். சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்து உலை வைப்பாள். அம்மணி அந்த நேரத்தில் வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். பொத்தினாலும் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் தொண்டை வரைக்கும் பதில் வந்து முட்டும். விழுங்குவாள்.

இப்படியே வருஷங்கள் போயின. ரங்கன் ஒரு மழைக்காலத்தில் வலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒரே அடுப்புக்கு வந்தார்கள். சேர்ந்து மீனுக்கு உப்புப் போட்டார்கள், சேர்ந்து கூடையைத் தூக்கித் திருப்பாலைவனம் வரை நடந்தார்கள். அங்கே நெல் குத்தும் வீட்டு வாசல் வந்தால் அம்மணி மட்டும் சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாக வருவாள். முனியம்மா ஏன் என்று கேட்டதில்லை. கோட்டையில் நடந்ததைப் பற்றி ஒரு நாளும், ஒரு பேச்சும், அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஏசியிருந்தால் அம்மணி பிழைத்திருப்பாள். மயிரைப் பிடித்து இழுத்து நாலு அறை அறைந்திருந்தால் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பாள். ஏச்சு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தே அவளுக்கு முடி நரைத்தது.

கடைசியில் முனியம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. அம்மணி அவளைக் கைத்தாங்கலாகக் கரைக்குக் கூட்டிப்போனாள். பிறகு அதுவும் முடியாமல் பாயோடு கிடந்தாள். குரல் கேட்கிற நேரத்தில் அங்கிருந்தே உதட்டை அசைப்பாள். ஒரு நாள் வெயில் சாயத் தொடங்கியபோது, கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, "அம்மணி" என்றாள்.

"இன்னாடி?"

"அன்னிக்குச் சலங்குல ஏத்தறப்போ கூப்ட்டானே."

அம்மணி கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அம்மான்னு. யாரடி கூப்ட்டான் அவன்?"

இத்தனை வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தானா என்று அம்மணிக்கு இருந்தது. குனிந்து, முனியம்மாவின் காய்ந்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் சிமிட்டாமல் சொன்னாள். "உன்னத்தான் கூப்ட்டான். உன்னத்தான் பாத்தான். அம்மன் மேல ஆணையா, உன்னத்தான்."

முனியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

"பொய்ச்சத்தியம் பண்ண இப்பத்தான் வருதாடி உனக்கு?" என்றாள்.

அதற்குமேல் அவள் பேசவில்லை. அம்மணி பிடித்த கையை அவள் உதறவும் இல்லை. வெயில் வாசலைவிட்டு இறங்குவதற்குள் அந்தக் கை சில்லிட்டுப் போயிற்று.

ஊர் வந்து கூடியது. பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அம்மணி எழுந்து வெளியே போனாள், யாரும் தடுக்கவில்லை. முகத்துவாரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அந்தி நேரத்தில் அங்கே தனியாக வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. தண்ணீர் இருண்டது. குரல் வந்தது.

"அம்மா."

வாங்கினவளைத்தான் கூப்பிடுகிறான். ஒரு வார்த்தை, இங்கே இருக்கிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிள்ளை அவளுக்கு. கேட்க இனி ஆளில்லை.

"கண்ணு" என்றாள் அம்மணி. காறி உமிழ்ந்துவிட்டு மறுபடி சத்தமாகச் சொன்னாள். "நான் இல்லடா கண்ணு. உங்கம்மா அங்க வந்துகினு கீறா. அக்கா இல்ல அது. உன்னப் பெத்தவ. அடிக்கமாட்டா, பயப்படாத. அம்மான்னு கூப்டுடா. கையப் புடிச்சிக்கினு போயிடு."

ஒப்பாரிச் சத்தம் பின்னாலிருந்து கேட்டது. எதிரே தண்ணீர்ச் சத்தம். வேறொன்றும் இல்லை. அவள் நன்றாக இருட்டும்வரை நின்று பார்த்தாள்.

மறுநாள் அந்தியில் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பெண்கள் தங்கள் பிள்ளைகளை மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், ஆண்கள் இருட்டுகிறவரை ஏரியில் நின்றார்கள், குப்பத்துக்கு நல்ல மூச்சு வந்தது. அம்மணிதான் அந்திதோறும் கரைக்கு வந்து, காதைப் பொத்திய கையை எடுத்துவிட்டு, முகத்துவாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கிழடாகிக் கண் மங்கிய பிறகும் வந்தாள். அவளை அம்மா என்று கூப்பிட அதன்பின் ஒருத்தரும் இல்லை.